ஆடிக்காற்றுக்கு ஒரு முன்சக்கரம்

நான் பந்தய சைக்கிள் ஓட்டுகிறவள் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்ளோ ஸ்பீடு போவே?" என்றுதான். எந்தச் சக்கரத்தில் போவாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஆடி மாதம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. சோற்றில் கை வைத்தால் சக்கரம். திருத்தணி மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் சக்கரம். "ஏம்மா, சுகர் மாத்திரை கேட்டா பிரஷர் மாத்திரைய எடுத்து வைக்கிறியே, என்ன ஒரேயடியா அனுப்பிவைக்கப் பார்க்கிறியா?" என்று ஒரு பெரியவர் கத்தினார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அது எனக்குக் கடைசிப் போட்டி. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் சாலைப் பந்தயம். பெண்களில் முதல் இரண்டு பேரை எடுப்பார்கள். அணியில் சேர்ந்து தேசியப் போட்டியில் ஓட்டினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போட முடியும். அந்த ஒதுக்கீட்டுக்கான வயது வரம்பை அடுத்த வருடம் நான் தாண்டிவிடுவேன். இதை வீட்டில் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். "வேலைக்கு வயசு ஆவறது கெவர்மெண்ட்டுக்கு எப்படித் தெரியும், உன்னப் பார்த்தா பள்ளிக்கூடத்துப் பொண்ணாட்டம்தானே கீறே" என்றார் நைனா, என் அப்பா. அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன். எனக்குள் மட்டும் அது பகலும் இரவும் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தவிர எனக்கு எதுவும் உருப்படியாக வராது. கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

வழக்கமாக இந்தப் போட்டியை எங்கோ தூரத்தில் வைப்பார்கள். அந்த வருடம் எங்கள் ஊர்ப்பக்கமே வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் ரோட்டை விட முடியும் என்று போலீஸ் சொல்லிவிட்டதால், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. திருத்தணியில் கிளம்பி, எங்கள் கே.ஜி.கண்டிகையைத் தாண்டி மேற்கே போய், அம்மையார்குப்பம் பக்கம் சுற்றி, திரும்பத் திருத்தணி. "உனக்கு அதிர்ஷ்டம்டி, வீட்டு வாசல்லயே பந்தயம்" என்றார்கள். அந்த ரோட்டில் எனக்குத் தெரியாத பள்ளம் கிடையாது என்பது உண்மை. ஆடி மாதம் அங்கே காற்று என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் மற்றவர்களைவிட அதிகமாகப் பயந்தேன்.

போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். திரும்பும்போது முதுகைத் தள்ளும். இரண்டையும் சமாளித்துவிடலாம். நடுவில் ஓர் ஏரிக்கரை ரோடு இருக்கிறது. ஒரு பக்கம் மரமே இல்லாமல் திறந்து கிடக்கும் ஏரி, மறுபக்கம் வேலிக்காத்தான் புதர். அங்கே காற்று பக்கவாட்டில் வந்து மோதும். லோடு இல்லாத மினி லாரியே அங்கே ஒதுங்கித்தான் போகும்.

என் சைக்கிளில் இருந்தது அலுமினிய சக்கரம். ரிம் இரண்டு விரல் உயரம்கூட இருக்காது. பல தடவை கம்பி மாற்றி, நெளிவெடுத்து, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போட்டிக்கு வரும் சென்னைப் பெண்கள் எல்லோரும் கார்பன் சக்கரத்தில் வருவார்கள். அதில் ரிம் நான்கு விரல், ஐந்து விரல் உயரம். சமதளத்தில் அந்த உயரமான ரிம் காற்றை வெட்டிக்கொண்டு போகும். அதே கால், அதே மிதி, ஆனால் நம்மைவிட ஒரு நூல் வேகம். பந்தயத்தில் அந்த ஒரு நூல்தான் எல்லாம். பக்கக்காற்று அடித்தால் கதை மாறிவிடும். முறத்தைக் காற்றுக்கு எதிரே நிமிர்த்திப் பிடித்ததுபோல, அந்த ரிம் சைக்கிளோடு நம்மையும் சேர்த்துத் தள்ளும்.

முன்பு என்னோடு பந்தயம் ஓட்டி, இப்போது கல்யாணமாகி ஆவடியில் இருக்கும் ஓர் அக்காவிடம் கார்பன் சக்கரம் ஒரு ஜோடி சும்மா கிடந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கொடுத்தாள். மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் இரண்டு சக்கரங்களையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே அம்மையார்குப்பத்துக்காரம்மா ஒருவர். நெசவுக் குடும்பம்.

"இன்னாமா இது, புது மாடல் ராட்டையா?"

"சைக்கிள் சக்கரம்க்கா."

"அப்ப இத்தினி நாளா சக்கரம் இல்லாத சைக்கிளா ஓட்டிகினு இருந்தே?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். திருவள்ளூர் தாண்டியதும் ஏனோ அழுகை வந்தது. கேட்டுப் பழக்கமில்லாதவள் ஒன்றைக் கேட்டு வாங்கி வரும்போது இப்படித்தான் ஆகும்போல. சக்கரத்தின் மறைவில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "நீ இருக்கிற ஒல்லி ஒடம்புக்கு அத முன்னாடி போடாதடி. பின்னாடி மட்டும் போடு. பின்சக்கரத்து மேல உன் உடம்பு உட்கார்ந்துகினு இருக்கு, காத்தால ஒண்ணும் பண்ண முடியாது. முன்சக்கரம் உன் கைல இருக்கு. காத்து அடிச்சா நேரா கைய புடிச்சு ஆட்டும். முன்னாடி உன் பழைய சக்கரமே போதும்."

அக்கா சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் என் மனம் கேட்கவில்லை. ஏரிக்கரை முடிந்து திரும்பும் ரோடு நீளமான சமதளம். அங்கே எல்லோரும் இரண்டு பக்கமும் கார்பனில் பறப்பார்கள், நான் மட்டும் முன்னால் ஒரு ஓட்டைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு பின்தங்குவேனா? இருப்பதில் எது வேகமோ அது எனக்கு வேண்டும். இன்னொரு முறை கிடைக்கும் என்றால் நிதானமாக யோசிக்கலாம். எனக்கு அது இல்லை.

எனவே இரண்டையும் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பழகினேன். முதல் நாள், புளியமரங்கள் முடிந்து ஏரி திறக்கும் இடத்தில் காற்று ஒரு அடி அடித்தது. ரோட்டின் இந்த ஓரத்தில் இருந்தவள் அந்த ஓரத்தில் இருந்தேன். எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர் பிரேக் போட்டு நிறுத்தி, "சாவறதுக்கு வேற ரோடு கெடைக்கலியா உனக்கு?" என்றார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, தோளைத் தளர்த்தி, காற்று வரும் பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஓட்டினால் ஒருமாதிரி நேராகப் போனது. "ஒருமாதிரி" என்ற அந்த வார்த்தையை நம்பித்தான் என் எதிர்காலத்தையே வைத்திருந்தேன். கைகள் விறைத்து, ராத்திரி சோற்றைப் பிசைய விரல் மடங்காது. "இது இன்னா சைக்கிளா, மாடா?" என்று அம்மா கையில் தைலம் தேய்த்துவிடுவாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம். கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்சக்கரம் மட்டும் சைக்கிளில் இருந்தது. முன்சக்கரத்தைக் காணோம். அம்மாவைக் கேட்டால், "உங்க நைனா கோயிலுக்கு எடுத்துகினு போனார்" என்றாள், ஏதோ பால் வாங்கப் போனார் என்பதுபோல.

நைனாவுக்கு இரண்டு நம்பிக்கைகள் உண்டு. நெல்லுக்குத் தண்ணீரை அவர் கையால் திறந்துவிட வேண்டும். புதிதாக எந்த வண்டி வந்தாலும் திருத்தணி முருகன் மலைக்குப் போய்ப் பூஜை போட்ட பிறகுதான் ரோட்டில் இறக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் வழக்கம்தான். கார், டிராக்டர், மொபெட், எதுவானாலும் மலைமேல் கொண்டுபோய் நிறுத்தி, பூ போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்து வருவார்கள். தனியாக ஒரு சக்கரத்தை மட்டும் கொண்டுபோனவர் எங்கள் நைனா ஒருவராகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார். சக்கரத்தைக் குழந்தையைப் போலத் தோளில் மாட்டியிருந்தார். முகத்தில் அவ்வளவு பூரிப்பு. "ஐயரே பூஜை பண்ணிக் குடுத்தாரு. நானே கையால உருட்டி எலுமிச்சம்பழத்து மேல ஏத்தினேன்."

"இது ஒண்ணத்த மட்டும் ஏன் எடுத்துகினு போனே?"

"மொபெட்ல ஒண்ணுதான் புடிச்சிது. அதுவும் இல்லாம, முன்னாடி போறதுக்குத்தானே கண்ணு பூஜை. பின்னாடிது அது கூடவே வந்துகினு இருக்கும்."

சிரித்துக்கொண்டே சக்கரத்தை வாங்கினேன். கை வழுக்கியது. ரிம்மின் இரண்டு பக்கமும், வட்டம் முழுக்க, ஓர் இடம் விடாமல் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. குங்குமம். காற்றில் பறந்துவிடக் கூடாது, மழையில் கரைந்துவிடக் கூடாது என்று டிராக்டர் சக்கரத்துக்குச் செய்வதுபோலவே விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தார்.

என் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் கிடையாது. பிரேக் கட்டைகள் ரிம்மின் பக்கத்தைத்தான் பிடித்து நிறுத்தும். அவர் எண்ணெய் தேய்த்தது அந்த இடத்தில்.

துணியால் துடைத்தேன். பளபளவென்று ஆனது. சரியாகிவிட்டது என்று நினைத்து மாட்டிக்கொண்டு கண்டிகை ரோட்டில் இறங்கினேன். டீக்கடைக்கு எதிரே ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தினேன். பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். சோப்பைப் பிடித்ததுபோல வழுக்கிக்கொண்டே போனது. பஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் நடுவே எப்படிப் புகுந்தேன் என்று எனக்கே தெரியாது. மண்ணில் காலைத் தேய்த்து நின்றபோது டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

மருந்துக்கடைக்கு ஓடிப்போய் ஸ்பிரிட் பாட்டில் வாங்கி வந்தேன். தேய்த்தேன். பஞ்சு சிவந்தது. மறுபடி தேய்த்தேன். பஞ்சு வெள்ளையான பிறகும் பிரேக் வழுக்கியது. அந்த ரிம்மின் பிரேக் பட்டை சொரசொரப்பானது. எண்ணெய் அதற்குள் இறங்கிவிட்டது. அதைவிட மோசம், துடைத்த பிறகு ஓட்டியதில் பிரேக் கட்டைகளும் எண்ணெய் குடித்துவிட்டன. கார்பனுக்கு என்று தனிக் கட்டை வேண்டும். அக்கா சக்கரத்தோடு கொடுத்ததைத் தவிர என்னிடம் வேறு இல்லை. திருத்தணியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. சென்னையில் தெரிந்த கடைக்குப் போன் செய்தேன். ஷட்டரை இறக்கிவிட்டோம் என்றார்கள்.

அப்போதுதான் கத்தினேன். "யார் கேட்டா உன்ன? எது எண்ணெய் படற எடம், எது படக் கூடாத எடம்னு தெரியாம யார் உன்னத் தொடச் சொன்னா? இது டிராக்டரா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்ன என் இஷ்டத்துக்கு விட்டிருக்கக் கூடாதா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். நைனா கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். திருப்பித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் பழைய அலுமினியச் சக்கரத்தை முன்னால் மாட்டினேன். அதற்கான பழைய கட்டைகளையும் மாட்டினேன். பின்னால் கார்பன், முன்னால் அலுமினியம். பார்க்க ஒரு காலில் ஷூவும் மறு காலில் ஹவாய் செருப்பும் போட்டதுபோல் இருந்தது. அக்கா சொன்ன ஜோடி அதுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் வேகத்தில் பாதியை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் இருந்தது. முருகன்மேல்கூடக் கோபம்.

காலையில் கிளம்பும் கோட்டில் ஒரு பெண் என் சக்கரங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணை இடித்துக் காட்டிச் சிரித்தாள். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். கண்டிகை தாண்டும்வரை எதிர்காற்று. முன்னால் போகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே போனேன். எதிர்காற்றில் அதுதான் புத்தி. எங்கள் ஊர் டீக்கடையில் யாரோ விசிலடித்தார்கள். தலையைத் தூக்கவில்லை.

புளியமரங்கள் முடிந்தன. ஏரி திறந்தது.

காற்று வந்து அறைந்ததும் எனக்கு முன்னால் இருந்த கூட்டம் அப்படியே வலப்பக்கம் நகர்ந்தது. ஹேண்டில்பார்கள் வெடவெடவென்று ஆடின. ஒருத்தி அலறினாள். ஒருத்தி பயத்தில் பிரேக் பிடித்தாள், பின்னால் வந்தவள் அவள்மேல் ஏறினாள். என்னைப் பார்த்துச் சிரித்தவள் வேலிக்காத்தானுக்குள் போய்விட்டாள். என் முன்சக்கரம் மட்டும் கயிறு கட்டி இழுத்ததுபோல நேராகப் போனது. கைக்கு வேலையே இல்லை. பின்னால் அந்தக் கார்பன் அசையாமல் உருண்டது. நான் மிதித்தேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது, மிதிப்பது. நைனா எண்ணெய் தேய்க்காமல் இருந்திருந்தால் நானும் அந்தப் புதருக்குள்தான் கிடந்திருப்பேன் என்பது அந்த நிமிடம் உறைத்தது. கத்தியதெல்லாம் ஞாபகம் வந்தது.

கரை முடியும்போது மூன்று பேர்தான் முன்னால் இருந்தோம். சென்னையிலிருந்து வந்த வாட்டசாட்டமான ஒரு பெண், இரண்டு பக்கமும் கார்பன், உடம்பின் பலத்தால் அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொருத்தி வேலூர்ப் பக்கம், என்னுடையதைவிடப் பழைய அலுமினியச் சக்கரம், இரண்டு பக்கமும். மூன்று பேரில் இரண்டு பேர். அம்மையார்குப்பத்துத் தறிச் சத்தம் காதில் விழுந்தபோது எனக்கு வேலை கிடைத்துவிட்டதுபோலவே இருந்தது. அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

திரும்பும் ரோட்டில் மாறி மாறி முன்னால் போய் இழுத்தோம். நான் பயந்த அந்தச் சமதளத்தில் ஒன்றுமே ஆகவில்லை. முதுகில் காற்று, எல்லோரும் ஒரே வேகம். திருத்தணிக்குள் நுழையும் முன் ஒரு மேடு வருகிறது. பெரிய மேடு இல்லை. சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு பால்காரர் இறங்காமல் ஏறுவார். அங்கே வேகம் குறைவு, காற்று முதுகில். ரிம் உயரமா குட்டையா என்பது எதற்கும் ஆகாத இடம்.

வேலூர்ப் பெண் எழுந்து மிதித்தாள். சென்னைப் பெண் அவள் பின்னால் போனாள். நானும் எழுந்தேன். தொடைக்குள் ஒன்றும் இல்லை. காலை அழுத்துகிறேன், அது போகிறது, ஆனால் அவர்கள் போகிற மாதிரி போகவில்லை. ஒரு சைக்கிள் இடைவெளி. இரண்டு சைக்கிள். "போவாதீங்கடி" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர்களுக்குக் கேட்டிருக்காது. மேட்டின் உச்சியில் இருவரும் மறைந்தார்கள். நான் உச்சிக்கு வந்தபோது ரோடு காலியாக இருந்தது. அங்கிருந்து கோடுவரை தனியாக ஓட்டினேன், முழு மூச்சில், யாரும் இல்லாத ரோட்டில்.

வேலூர்ப் பெண்தான் முதல். அந்தப் பழைய சக்கரத்தோடு.

நைனா கயிற்றுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். கிட்டே வரவில்லை. நான்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தாம்மா கெடுத்துட்டேன்," என்றார். "அந்தக் கருப்பு சக்கரம் இருந்திருந்தா..." சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஆமாம் என்று விட்டிருக்கலாம். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! கடையில் கேட்பவர்களுக்கும், உறவுக்காரர்களுக்கும், ஆயுசுக்கும் சொல்ல ஒரு காரணம். "நைனா குங்குமம் தடவிட்டாரு, இல்லன்னா நான் இந்நேரம்..." என்று. சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், பாவம் என்பார்கள், நம்புவார்கள். சக்கரம் சரியில்லை என்றுதான் இத்தனை வருடமும் ஒவ்வொரு தோல்விக்கும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சக்கரம் சரியாக இருந்தது.

"இல்ல நைனா. அது இருந்திருந்தா ஏரிக்கரையிலயே விழுந்திருப்பேன். அந்தக் காத்துக்கு இதான் சரியான சக்கரம்."

"சும்மா என்ன தேத்தாதே."

"தேத்தல. சக்கரத்துல கோளாறே இல்ல. எனக்குக் கால் பத்தல. அவங்க ரெண்டு பேரும் என்னவிட வேகம் நைனா. அவ்ளோதான்."

நைனா துண்டை எடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பொய் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மெல்ல அவர் முகம் தெளிந்தது.

"அப்ப என்னால இல்லியா?"

"இல்ல."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

பெருமூச்சு விட்டார். பாட்டிலின் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தார். என் சைக்கிளை அவரே வாங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். நடையில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது. "கால்தானே," என்றார். "கால பலப்படுத்திக்கலாம். நாளைலேர்ந்து தெனம் ரெண்டு நாட்டுக்கோழி முட்டை. அடுத்த வருஷம் பாரு, அந்த ரெண்டு பொண்ணும் உன் பின்னாடி வந்துகினு இருக்கும்."

"ஆங், நைனா" என்றேன்.